புதன்கிழமை மூச்சு கிளாஸ்

ஃப்ளோராவின் வலது கையை மணிக்கட்டில் பிடித்து ஒரு முழ உயரத்துக்குத் தூக்கிய டோரதியம்மா சட்டென்று விட்டார். கை பாயில் தொப்பென்று விழுந்தது. விரல்கள் பாதி மடங்கியபடி, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"பாத்தீங்களா? இதைத்தான் நான் சொல்றது. இப்படி விட்ரணும். பிடிச்சு வெக்கக் கூடாது."

மற்ற ஐந்து பெண்களும் பாய்களில் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். பார்க்கச் சொன்னால் எப்படிப் பார்ப்பது? அவரவர் வயிறு அவரவருக்கு முன்னால் மேடாக நின்றது. மூன்றாவது பாயில் காசிமேட்டு மங்கை லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது நாலாவது. வகுப்பு முடிந்ததும் கொடுக்கிற பால் பவுடருக்காகத்தான் வருகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டவள்.

1972 ஆகஸ்ட் மாதம். ராயபுரத்தில் மாதா கோவிலுக்குப் பின்பக்கத் தெருவில் அந்தக் கோவிலைச் சேர்ந்த பங்கு மக்கள் நடத்திய சின்னப் பிரசவ விடுதி அது. உள்ளே ஆறு கட்டில்கள், வெளியே ஒரு கூடம். கூடத்தில் புதன்கிழமை தோறும் மூன்று மணிக்குப் பாய் விரிப்பார்கள். 'அச்சமில்லாப் பிரசவப் பயிற்சி' என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தது. பெண்கள் அதை மூச்சு கிளாஸ் என்றார்கள். தலைமை நர்ஸ் டோரதியம்மா பெங்களூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் இருந்தபோது கற்றுக்கொண்டு வந்த வித்தை. ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், கண்டிப்பானவர். கால் விரலில் தொடங்குவார். முதலில் இறுக்கு, அப்புறம் தளர்த்து. கெண்டைக்கால், தொடை, கை முஷ்டி, தோள், தாடை என்று மேலே வருவார். அதற்குப் பிறகு மூச்சு. வலி வந்தால் விளக்கை அணைத்துவிடாமல் சுடரை மட்டும் ஆட்டுகிற மாதிரி ஊத வேண்டும். பின்னால் கூட்ஸ் வண்டி போனால் ஜன்னல் கதவுகள் அதிரும். அதையும் காதில் வாங்கக் கூடாது.

இதில் ஃப்ளோராவை மிஞ்ச ஆளில்லை. சேர்ந்த நாளிலிருந்தே டோரதியம்மா அவளைக் காட்டித்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஃப்ளோராவுக்கு அதில் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. கையைத் தூக்கினார்கள், விட்டார்கள், விழுந்தது. அவ்வளவுதான்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்மண்டபத்துக்கு அருகே ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு. கணவன் சிலுவைமுத்து துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டுபவன். முதல் பிரசவம் மூன்று வருடங்களுக்கு முன்னால். இரண்டு நாள் வீட்டிலேயே வலி. மூன்றாம் நாள் காலையில், இனிமேல் என்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்தாள். கைரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஃப்ளோராவுக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறந்தது ஆண் குழந்தை, உயிர் இல்லை. பார்க்க வேண்டாம், பார்த்தால் மனதில் ஒட்டிக்கொள்ளும் என்று சுற்றி நின்ற பெண்கள் சொன்னார்கள். அவள் பார்க்கவில்லை. சிலுவைமுத்து எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் ஈரத் தலையோடு திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அழுகை வரும் என்று அவளும் சில நாள் காத்திருந்தாள். பால்தான் வந்தது. துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள், பத்து நாளில் வற்றிவிட்டது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. சோறு வடித்தாள், துணி துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் மற்றவர்கள் முழங்காலிட்டபோது முழங்காலிட்டாள். ஒருமுறை சுடுசோற்றுப் பானை பட்டு முன்கை வெந்துபோனது. சாப்பிட உட்கார்ந்த சிலுவைமுத்து கொப்புளத்தைப் பார்த்து, இது எப்போது ஆனது என்று கேட்டபோதுதான் அவளும் பார்த்தாள். "இன்னா தகிரியம் பாரு இந்தப் பொண்ணுக்கு, ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல" என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். நல்லபடியாகத்தான் சொன்னார்கள்.

மறுபடி நாள் தள்ளிப்போனபோது பயந்தது சிலுவைமுத்துதான். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வின்ச்சில் இருந்தபோது கவனம் தவறி, சரக்கு வலையைக் கீழே வேகமாக விட்டுவிட்டான். யாருக்கும் அடியில்லை. ஆனாலும் மேஸ்திரி அன்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கூட வேலை செய்த ஜெயவேல்தான் அவனைத் தனியாக அழைத்துப் பேசினான். தன் மனைவியும் அப்படித்தான் பயந்துகிடந்தாள், மாதா கோவில் விடுதியில் ஒரு கிளாஸ் நடத்துகிறார்கள், போய்ப் பார் என்றான்.

இருவரும் போய் டோரதியம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றார்கள்.

"யாருக்குப் பயம்?"

"இதுக்குத்தாம்மா," என்று சிலுவைமுத்து மனைவியைக் காட்டினான்.

ஃப்ளோரா மறுக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவனுடைய விரல்களை டோரதியம்மா பார்த்தார். ஃப்ளோராவின் பெயரை எழுதிக்கொண்டார்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்துப் பாய் அஜீசுன்னிசாவுடையது. பழைய வண்ணாரப்பேட்டைப் பெண், பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். டோரதியம்மா அவளுடைய கையைத் தொட்டாலே தோள் காதுவரை ஏறும். தளர்த்து என்றால் இன்னும் இறுகும். ஆகஸ்ட்டில் அந்தப் புதன்கிழமை வகுப்பு முடிந்து, இருவரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள்.

"அக்கா, நீங்க எப்படிப் பண்றீங்க அது? எனக்கு கை சொன்ன பேச்சே கேக்கல."

"நான் ஒண்ணியும் பண்லம்மா. அந்தம்மா தூக்குது, வுடுது. அது வுயுது."

"பயமே இல்லையா உங்களுக்கு? எங்க ஆபா, என் கூடப் பொறந்த அக்கா, இதுலதான் போய்ட்டாங்க. ரெண்டு வருசம் ஆச்சு. கண்ண மூடுனா அவங்க மூஞ்சிதான் வருது. நீங்க கண்ண மூடுனா என்ன வரும்?"

ஃப்ளோரா யோசித்தாள். "ஒண்ணும் வராது."

"எப்படிக்கா?"

"தெர்ல. மொத புள்ள செத்துப் பொறந்துச்சு. ரெண்டு நாளு வலி. அப்பால ஒண்ணியும் தெர்ல."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். அஜீசுன்னிசா நின்றுவிட்டாள். பர்தாவின் முகத்திரையை ஒதுக்கியிருந்ததால் முகம் வெளுப்பது தெரிந்தது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது ஃப்ளோராவுக்கு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டியபோதுதான் தோன்றியது.

அடுத்த புதன்கிழமை அஜீசுன்னிசா வரவில்லை. டோரதியம்மா விசாரித்தார். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் மீன் கூடையோடு நின்றிருந்த மங்கை எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இந்த அக்காதாம்மா தன் கதைய சொல்ச்சு. அந்தப் பொண்ணு மெரண்டு போச்சு."

கெட்டுப்போன பிரசவக் கதையை இங்கே யாரும் பேசக் கூடாது என்பது டோரதியம்மாவின் முதல் சட்டம். வகுப்பு முடிந்ததும் ஃப்ளோராவை இருக்கச் சொன்னார். கூடம் காலியானது. ஆயா பாய்களைச் சுருட்டிக்கொண்டு போனாள். திட்டுவதற்காகத்தான் நிறுத்தினார். ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், தன் ஆட்காட்டி விரலை அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"இறுக்கிப் பிடி."

ஃப்ளோரா விரல்களை மடக்கினாள்.

"இன்னும்."

"இறுக்கிக்கினுதாம்மா கீறேன்."

டோரதியம்மா விரலை உருவினார். தடையே இல்லாமல் வெளியே வந்தது. மறுபடி வைத்தார், மறுபடி உருவினார். பிறகு அவளுடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் தளர்த்தறதை மட்டுமே பாத்தேன். நீ இறுக்கறியான்னு ஒரு நாள்கூடப் பாக்கல. அஞ்சு வாரமா உன்னைக் காட்டிப் பாடம் நடத்தினேன். தப்பு என்னோடது."

ஃப்ளோராவுக்குப் புரியவில்லை. அவர் சொன்னபடிதான் செய்திருந்தாள்.

"புள்ள அசையறது தெரியுதா?"

"அசையுதும்மா."

"எப்படி இருக்கு?"

ஃப்ளோரா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பக்கத்து வூட்ல யாரோ நடமாடுற மாரி."

அதற்கு என்ன மருந்து என்று டோரதியம்மாவின் பெங்களூர்ப் படிப்பில் இல்லை. அவர் எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார். கடைசி ஜன்னலைச் சாத்தியபடியே பேசினார்: "நீ பயமுறுத்தின பொண்ணை நீதான் கூட்டிட்டு வரணும். நாளைக்கே போ. அடுத்த வாரத்திலேர்ந்து நீ பாயில படுக்க வேணாம். மத்தவங்க கையை நீ தூக்கிப் பாரு."

அஜீசுன்னிசாவின் வீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவள் கணவன் சௌக்கத் அலிக்குத் தெருமுனையில் சைக்கிள் கடை. மாமியார் உள்ளே விட்டார். அஜீசுன்னிசா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"டோரதியம்மா இட்டுகினு வரச் சொல்ச்சு," என்றாள் ஃப்ளோரா.

"வந்தா மட்டும் என்ன ஆயிடும்?"

"தெர்ல. மங்கை நல்லாத் தூங்குது. நீயும் வந்து தூங்கேன்."

வேறு ஆறுதல் சொல்ல அவளுக்கு வரவில்லை. எதிரில் உட்கார்ந்து, டோரதியம்மா செய்கிறபடியே அந்தப் பெண்ணின் கையைத் தூக்கினாள். தூக்கி விட்டாள். கை விழவில்லை. யாரோ பிடித்திருப்பது போல அந்தரத்திலேயே நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அஜீசுன்னிசாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கை தானாக இறங்கியது. சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப்பார்த்தார்.

அதன் பிறகு அவள் தவறாமல் வந்தாள். ஃப்ளோரா எட்டு மாத வயிற்றோடு பாய்களுக்கு நடுவே மெதுவாக நடந்து ஒவ்வொரு கையாகத் தூக்கிப் பார்த்தாள். குனிய முடியாது என்பதால் ஆயா அவளுக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தாள், பாய்க்குப் பாய் அதையும் நகர்த்திக்கொண்டாள். மங்கையின் உள்ளங்கை முழுக்கச் செதில் கீறல்கள், கத்தி வெட்டுகள். தூக்கத்திலும் அவளுடைய கட்டைவிரல் மட்டும் எதையோ பிடித்திருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வாய் சிரிக்கும், மணிக்கட்டு கம்பியாக இருக்கும். யாருக்கு எங்கே பயம் ஒளிந்திருக்கிறது என்று இரண்டு மூன்று வாரங்களில் ஃப்ளோராவின் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. தன்னுடையது மட்டும் தெரியவில்லை. ராத்திரி சிலுவைமுத்து தூங்கின பிறகு தன் இடது கையை வலது கையால் தூக்கிப் பார்ப்பாள். அது யாருடைய கையோ போல இருக்கும்.

செப்டம்பர் கடைசியில் அஜீசுன்னிசாவுக்கு வலி வந்தது. இறுக்கு, தளர்த்து, சுடரை ஆட்டு, எல்லாம் வாசலோடு மறந்துபோனது. தெரு முனைவரை கேட்கிற மாதிரி கத்தினாள். ஆயாவின் கையைக் கடித்துவிட்டாள். நாலு மணி நேரத்தில் ஒரு குறையும் இல்லாமல் பிள்ளை பிறந்தது. மறுநாள் பார்க்கப் போன ஃப்ளோராவிடம், "மூச்சாவது ஒண்ணாவது, ஒண்ணும் ஞாபகம் வரலக்கா," என்று கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தாள். வித்தை பலிக்கவில்லையே என்று டோரதியம்மாவுக்கு வருத்தம் இல்லை. "பயந்துக்கிட்டே பெத்தா. அதனால என்ன, வீட்லயே கிடக்காம இங்க வந்து பெத்தா இல்ல," என்றார்.

ஃப்ளோராவின் முறை அக்டோபர் நடுவில் வந்தது. காலையில் மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். இடுப்பு கடுத்தது. நின்றதால் வந்தது என்று நினைத்தாள். அவளுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது, பின்னால் நின்ற பெண்மணி அவளுடைய தோளைத் தொட்டார்.

"இந்தாம்மா, பொடவ நனைஞ்சு கீது பாரு. தண்ணி ஒடைஞ்சிருச்சு. வூட்டுக்குப் போ."

அவள் வாங்கிக்கொண்டுதான் போனாள். டின்னை அடுப்பங்கரையில் வைத்தாள், எதிர் வீட்டில் சொல்லிவிட்டு, அவர்கள் கூட வருவதற்குள் விடுதிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தாள். வலி வந்தபோது மூச்சை எண்ணினாள். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. டோரதியம்மா சொல்லிக்கொடுத்தது ஒன்றுவிடாமல் அவளுக்கு நினைவிருந்தது. கூரையில் பல்லி ஒன்று இருந்தது, அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி அரை மணி நேரம் எண்ணிக்கை தவறியது. வலி அவ்வளவு பெரிதாக வந்தது. வேறு யாருக்கோ வலிக்கிறது என்று ஒதுக்கிவைக்க முடியவில்லை. ஆனாலும் வாய் திறந்து கத்தவில்லை. மத்தியானம் இரண்டே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுதது. அவளுடைய நெஞ்சின்மேல் கொண்டுவந்து வைத்தார்கள். ஈரமாக, சூடாக இருந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்ப்பது தெரிந்ததால், "நல்லா கீது," என்று சொன்னாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிலுவைமுத்து, செய்தி கேட்டதும் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

குழந்தைக்குப் பெர்னதெத் என்று ஞானஸ்நானம் ஆனது. ஃப்ளோரா வேளை தவறாமல் பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், சாம்பிராணி காட்டினாள். பார்த்தவர்கள் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. குழந்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். இது என் பெண் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். அது ஒரு தகவலாக இருந்தது.

டிசம்பரில் ஒரு மழை நாள். துறைமுகத்தில் வேலை நடக்காததால் சிலுவைமுத்து வீட்டில் இருந்தான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலைக்கு எண்ணெய் தடவினான். தன் போக்கில், யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னான்: "இதுக்கு முடி கம்மி. அவனுக்கு அவ்ளோ முடி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. எண்ணெய்க் கை அப்படியே நின்றது. ஃப்ளோரா அரிசி புடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லு."

"வாணாம் ஃப்ளோரா."

"சொல்லுய்யா."

அவன் குழந்தையைப் பார்த்தபடியே சொன்னான். கறுப்பாக, நிறைய முடி. காது ஃப்ளோராவுடைய அப்பாவின் காது மாதிரி மடங்கியிருந்தது. சுற்றுவதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி பழையதாக இருந்ததால் தன் காக்கிச் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தின் கோடியில் சுவரோரம்தான் இடம். காவலாளி அருள்பிரகாசம் கடப்பாரை கொடுத்தார். அவர் தோண்டுகிறேன் என்றார், இவன் விடவில்லை. முடித்துவிட்டு வெறும் பனியனோடு நடந்துபோய்க் கடலில் குளித்தான்.

"அந்தச் சட்டைய நான் எத்தினி நாளு தேடினேன்," என்றாள் ஃப்ளோரா. பிறகு, "கண்ணு தொறந்திருந்துச்சா?"

"இல்ல. மூடிக்கினு இருந்துச்சு."

"மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

"தூங்குற மாரிதான்."

முறத்தில் அரிசி இருந்தது. அவள் அதில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நெஞ்சை அடைக்கிற அழுகை என்று சொல்ல முடியாது. வந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். சிலுவைமுத்துதான் குலுங்கிக் குலுங்கி அழுதான். பசியில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் புடவை முழுக்க எண்ணெய் ஆனது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மூவருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அருள்பிரகாசம் வேலையை விட்டுப் போயிருந்தார். சுவரை இடித்துக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தார்கள். அங்கே இரண்டு பூவரச மரங்கள் நின்றன. எந்த மரத்தடி என்று சிலுவைமுத்துவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இங்கேயும் அங்கேயும் போய் நின்று பார்த்தான், அவனுக்கு வியர்த்துவிட்டது.

"பரவால்ல, வுடு," என்று ஃப்ளோரா இரண்டு மரங்களுக்கும் நடுவில் மெழுகுவர்த்தியை வைத்தாள். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை சிலுவைமுத்து துண்டை விரித்து மறைத்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். உணர்ச்சி மரத்த காலில் ரத்தம் ஓடத் தொடங்குகிற மாதிரி, அங்கொன்று இங்கொன்றாக ஏதோ வந்தது. சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை. குழம்பில் உறைப்பு தெரிந்தது. பெர்னதெத் தவழ்ந்து வாசல்படியில் தலைகுப்புற விழுந்தபோது ஃப்ளோரா போட்ட சத்தத்தில் எதிர் வீட்டார் ஓடிவந்தார்கள். அந்த வருடம் ஜூனிலிருந்து அவள் மறுபடி புதன்கிழமைகளில் விடுதிக்குப் போனாள். டோரதியம்மா முன்னால் நின்று பேசுவார், ஃப்ளோரா பின்னால் முக்காலியில் உட்கார்ந்து பெண்களின் கைகளைப் பார்ப்பாள்.

1975இல் அவளுக்கு மறுபடி ஏழாவது மாதம். ஒரு புதன்கிழமை வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே வந்து, மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த டோரதியம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"பயமா கீதும்மா."

"என்னது?"

"நாலு நாளா தூக்கம் இல்ல. அவனுக்கு ஆன மாரியே ஆயிடுமோன்னு. படபடன்னு வருது."

டோரதியம்மா துணியைக் கீழே வைத்தார். அவருடைய வகுப்பில் எத்தனையோ பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். இவள் சொல்லிக் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் காற்று வருகிற இடமாகப் பார்த்து அவரே ஒரு பாயை எடுத்து விரித்தார்.

"படு. கால் விரல்லேர்ந்து வரலாம்."

அந்த முறை பிறந்தது ஆண் குழந்தை. சிலுவைமுத்து ஷிப்ட் முடிந்து வருவதற்குள் பிறந்துவிட்டது. ஃப்ளோரா கத்தினாள் என்று ஆயா எல்லோரிடமும் சொன்னாள். டோரதியம்மா 1978இல் ஓய்வு பெற்றுப் பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். வகுப்பை நீயே நடத்து என்று ஃப்ளோராவைக் கேட்டுப் பார்த்தார்கள். முன்னால் நின்று பேச எனக்கு வராது என்று சொல்லிவிட்டாள். அதே விடுதியில் ஆயாவாகச் சேர்ந்துகொண்டாள்.